சைவக் கடையின் சொல்லை வைத்துச் சங்ககாலத்தை அளக்காதீர்கள்

வெள்ளவத்தையில் 'சைவக் கடை' என்று பலகை தொங்கினால் உள்ளே மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடைக்காது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். சமயத்தின் பெயரே சாப்பாட்டின் பெயராகிவிட்டது. பழந்தமிழர் உணவையும் தெய்வங்களையும் பற்றிப் பேசும்போது நாம் முதலில் சறுக்குவது இங்கேதான். சிவனை வணங்கியவர்கள் என்றைக்கும் மரக்கறிதான் உண்டார்கள் என்று நம்பிவிடுகிறோம். பெரியபுராணத்துக் கண்ணப்பர் காளத்தியில் இறைவனுக்குப் படைத்ததோ பன்றி இறைச்சி. புறநானூறு 'புலன் அழுக்கற்ற அந்தணாளன்' என்று போற்றும் கபிலர், ஊன்சோறு உண்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் பாடுவோர் கைகள் மென்மையாயின என்று சேர மன்னனிடமே சொல்கிறார்.

உடனே மறுகரைக்குத் தாவி, 'புலால் மறுப்பெல்லாம் நேற்று வந்தது' என்று சொல்வதும் பிழை. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது.

முருகனைப் பற்றி எழுதுவோர் திருமுருகாற்றுப்படையைக் கட்டாயம் முழுவதும் படிக்க வேண்டும். மலைநிலத்தில் மறி, அதாவது ஆட்டுக்குட்டி, அறுத்து, குருதி கலந்த வெள்ளரிசியைப் பலியிட்டு, தினை பரப்பி முருகனை அழைக்கிறார்கள். அதே பாட்டில், முருகனின் தலமான ஏரகத்தில் அந்தணர்கள் ஆறெழுத்து மந்திரம் ஓதி மணமலர் தூவுகிறார்கள். புலவர் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார், எதையும் தாழ்த்தவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவர்களை என்னால் ஏற்கவே முடிவதில்லை. முருகனின் ஆடிவேல் விழா பார்க்கத் தெருவில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு முழுப் பாட்டும் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் 'பண்டைய இந்திய உணவு' என்று ஒரே சட்டியில் போடுவது இன்னொரு பிழை. ரிக்வேதம் பேசும் தானியம் யவம், அதாவது வாற்கோதுமை. நெல்லின் பெயர் அதர்வவேதத்தில்தான் வருகிறது. இங்கே தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவையான கருப்பொருள்களை 'தெய்வம் உணாவே' என்று தொடங்குகிறது. தெய்வத்துக்குப் பக்கத்திலேயே உணவு. மலைநிலமான குறிஞ்சிக்குச் சேயோனும் (முருகன்) தினையும், வயல்நிலமான மருதத்துக்கு வேந்தனும் (இந்திரன்) நெல்லும் என்று நிலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தெய்வங்கள் விளங்கும்.

சிந்துவெளி நகரான மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரையில் அமர்ந்திருப்பவர் சிவன்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அது தொல்லியலாளர் ஜான் மார்ஷலின் ஊகம். சிந்துவெளி எழுத்தை இன்னும் யாரும் ஐயமற வாசிக்கவில்லை.

கடைசியாக அடுப்படிக்கு வருவோம். செத்தல் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492க்குப் பிறகே கடல் தாண்டின. சங்ககாலச் சமையல் என்று குறிப்பு எழுதுவோர் இவற்றை எடுத்துவிட வேண்டும். அகநானூற்றில் யவனர் (கிரேக்கர், உரோமர்) கப்பல் பொன்னோடு வந்து சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து 'கறியொடு' திரும்புகிறது. அந்தக் கறி நம் வீட்டுப் பருப்புக்கறியோ மீன்கறியோ இல்லை, மிளகு.