உணவு உதவிக் கார்டில் ஆன்லைன் மளிகை: அமெரிக்கா வந்த தமிழர்களுக்கு

முதலில் யாருக்கு என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் உணவு உதவித் திட்டம் ஸ்நாப். எச்1பி வேலை விசாக்காரர்களுக்கு இது கிடையாது. கிரீன் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் பொதுவாக 5 வருடம் காத்திருக்க வேண்டும்; 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காத்திருப்பு இல்லை. இங்கே பிறந்த குழந்தைக்காக மட்டும் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அகதிகளுக்கான விதிகளை 2025 ஜூலைச் சட்டம் மாற்றிவிட்டது. அதனால் பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

உதவித்தொகை, டெபிட் கார்டு போன்ற இபிடி கார்டில் மாதாமாதம் ஏறும். அதில் ஆன்லைனில் மளிகை வாங்கும் வசதி 2019 ஏப்ரலில் நியூயார்க்கில் சோதனையாகத் தொடங்கியது. கொரோனா வந்ததும் மாநிலம் மாநிலமாக வேகமாகப் பரவி, இப்போது 50 மாநிலங்களிலும் இருக்கிறது.

இதைப் பற்றிய தகவல் இரண்டு இடங்களில் கிடைக்கும். மத்திய வேளாண் துறையின் இணையதளத்தில், எந்த மாநிலத்தில் எந்தக் கடைகள் ஆன்லைனில் இந்தக் கார்டை ஏற்கின்றன என்ற பட்டியல் உண்டு. வால்மார்ட், அமேசான் எல்லாம் அதில் வரும். ஆனால் உங்கள் தெருவுக்கு டெலிவரி உண்டா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. கடையின் தளத்தில் ஜிப் கோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, உங்கள் மாநிலத்தின் ஸ்நாப் அலுவலகம். தேடும்போது ஒரு குழப்பம் வரும்: திட்டத்தின் பெயரே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் கால்ஃபிரெஷ் என்று தேடினால்தான் சரியான பக்கம் வரும்.

அரிசி, பருப்பு, காய்கறி, பால் எல்லாம் வாங்கலாம். சோப்புக்கும் சூடான சாப்பாட்டுக்கும் இந்தப் பணம் செல்லாது. டெலிவரிக் கட்டணத்தையும் இதில் கட்ட முடியாது, வேறு கார்டு வேண்டும். அமேசானில் வாங்க பிரைம் சந்தா கட்டாயமில்லை. இங்கே இருக்கும் நம்மூர் மளிகைக் கடை கல்லாவில் இபிடி வாங்கினாலும், அதே கடையின் இணையதளம் வாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்லைனுக்குத் தனி அனுமதி வேண்டும்.

மாநில அலுவலகம் முக்கியமான விஷயங்களைப் பெரும்பாலும் தபாலில்தான் அனுப்பும். விளம்பரக் குப்பை என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டால், புதுப்பிக்கும் தேதி போய்விடும். வீடு மாறினால் உடனே முகவரியை மாற்றுங்கள். "உங்கள் கார்டு முடக்கப்பட்டது, பின் எண்ணை அனுப்புங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தால் மோசடிதான். அரசு ஒருபோதும் பின் எண்ணைக் கேட்காது. சந்தேகம் இருந்தால் கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கே கூப்பிடுங்கள்.

கடிதத்தின் ஆங்கிலம் புரியவில்லையா? மாநில அலுவலகத்துக்குப் போன் செய்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இலவசம்தான். லைனில் சேர்க்கக் கொஞ்ச நேரம் ஆகலாம், அதற்குள் வைத்துவிடாதீர்கள்.