பயிற்சி ஸ்விங்கில் புல்லை உரசுங்கள், பெயர்க்காதீர்கள்: புதிதாக கோல்ஃப் பழகுவோருக்கு டிவட் பாடம்

கோல்ஃப் பழக வருபவர்கள் ஷாட்டுக்கு முன் எடுக்கும் பயிற்சி ஸ்விங் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகையாக இருக்கும். கிளப் (கோல்ஃப் மட்டை) புல்லையே தொடாமல் ஒரு சாண் உயரத்தில் காற்றில் போகும். இல்லையென்றால் தரையில் ஆழமாக இறங்கி, மண்ணோடு ஒரு பத்தையைப் பெயர்த்து எறியும். முதல் வகையால் பயனே இல்லை. அதே உயரத்தில் பந்தை அடித்தால் பந்தின் மண்டையில்தான் படும். இரண்டாவது வகை, பந்தே இல்லாத இடத்தில் புல்தரையைப் புண்ணாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்விங் இருக்கிறது. கிளப் புல்லை உரசும், ஆனால் மண்ணைத் தொடாது. அதை எப்படிப் பழகுவது, பந்தை அடித்தபின் பெயரும் பத்தையையும் அதன் குழியையும், அதாவது டிவட்டை, எப்படிப் பார்ப்பது, அந்தக் குழியை எப்படி மூடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

படி 1: டிவட் ஏன் வருகிறது?

ஷாட்டின்போது கிளப் பெயர்த்தெடுக்கும் புல் பத்தைதான் டிவட். ஸ்விங் ஒரு வளைவு. அந்த வளைவுக்கு ஓர் அடிப்புள்ளி உண்டு. தரையில் கிடக்கும் பந்தை அயர்னால் (தட்டையான உலோக முகமுள்ள கிளப்) சரியாக அடிக்கும்போது அந்த அடிப்புள்ளி பந்துக்குச் சில அங்குலம் முன்னால், அதாவது இலக்கை நோக்கிய பக்கத்தில் இருக்கும். கிளப் இறங்கிக்கொண்டே வந்து முதலில் பந்தைத் தொடுகிறது, அதன் பிறகே தரையைத் தொடுகிறது. ஆகவே நல்ல ஷாட்டில் டிவட் பந்து இருந்த இடத்தில் அல்லது அதைத் தாண்டித் தொடங்கும். பந்துக்குப் பின்னால் தொடங்கினால் கிளப் மண்ணை அள்ளிவிட்டுப் பந்தை அடைந்திருக்கிறது. வேகம் மண்ணிலேயே செலவாகிவிடுவதால் பந்து பாதி தூரம்கூடப் போகாது.

எல்லா கிளப்புக்கும் டிவட் வராது. டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) வைத்து டிரைவரால் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) அடிக்கும்போது தரையைத் தொடவே வேண்டியதில்லை. ஃபேர்வே வுட் (தரையிலிருந்து நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) புல்லைச் சீவிவிட்டுப் போகும். வெட்ஜ் (குறைந்த தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் கிளப்), குட்டை அயர்ன்களில் பத்தை சற்று ஆழமாக வரும், நீள அயர்ன்களில் மெலிந்துவிடும். மிகத் திறமையான ஆட்டக்காரர்களிலேயே சிலர் தரையை லேசாகச் சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். டிவட் என்பது சரியான ஸ்விங்கின் விளைவு. அதை வரவழைக்க வேண்டும் என்று தரையைக் குத்துவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

படி 2: எங்கே நின்று ஸ்விங் செய்வது

முதலில் சுற்றிலும் ஒரு பார்வை. பின்னாலும் பக்கத்திலும் யாரும் இருக்கக்கூடாது, எதிரே இருப்பவரை நோக்கியும் வீசக்கூடாது. கிளப்போடு ஒரு கல்லோ மண்கட்டியோ பறந்தால்கூட அடிபடும்.

பிறகு பந்திலிருந்து இரண்டு மூன்று அடி விலகி நில்லுங்கள். இதற்கு விதிப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. பந்து ஃபேர்வேயிலோ (குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதை) உயர்ந்த புல்லிலோ இருக்கும்போது பயிற்சி ஸ்விங் தவறுதலாகப் பட்டு அது நகர்ந்தால், ஒரு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை. பந்தைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கவும் வேண்டும். கிரீனில் (துளையைச் சுற்றிய மென்புல் பரப்பு) தவறுதலாக நகர்ந்தால் தண்டனை இல்லை, திரும்ப வைத்தால் போதும். டீ பகுதியில் (ஒவ்வொரு துளைக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) ஒரு துளையைத் தொடங்கும்போதும் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிக்கும் எண்ணத்தோடு வீசும்வரை பந்து ஆட்டத்துக்குள் வருவதில்லை. 2019 மாஸ்டர்ஸ் போட்டியின் 13ஆம் துளையில் சாக் ஜான்சனின் பயிற்சி ஸ்விங் பந்தில் பட்டு அது ஓடிவிட்டது. தண்டனையில்லாமல் மறுபடி டீயில் வைத்து ஆடினார். மாஸ்டர்ஸ் பட்டத்தை ஏற்கெனவே வென்றவருக்கே இது நேர்கிறது என்பதால், விலகி நிற்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விலகினாலும், பந்து கிடக்கும் அதே சரிவும் அதே புல் உயரமும் உள்ள இடமாகப் பாருங்கள். சரிவில் கிடக்கும் பந்துக்கு சமதரையில் ஒத்திகை பார்த்தால் அடிப்புள்ளி மாறிவிடும். உயர்ந்த புல்லில் கிடக்கும் பந்துக்கு அதே புல்லில் ஒருமுறை வீசிப் பார்த்தால், புல் கிளப்பை எவ்வளவு இழுக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

படி 3: உரசும் ஸ்விங்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு நில்லுங்கள். தரையில் ஒரு புல் நுனியையோ உதிர்ந்த இலையையோ பந்தாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேகத்தில் வீசுங்கள். கிளப்பின் அடிப்பகுதி புல்லை உரசும்போது 'சர்' என்று ஒரு சத்தம் வரும். 'தொம்' என்று கேட்டால் மண்ணில் இறங்கிவிட்டது. எதுவுமே கேட்கவில்லை என்றால் உயரத்தில் போய்விட்டது. சத்தம் வந்தபின் கீழே பாருங்கள்: புல் எந்த இடத்தில் சாய்ந்திருக்கிறது? நீங்கள் பந்தாக வைத்துக்கொண்ட புள்ளியிலோ அதற்கு முன்னாலோ சாய்ந்திருந்தால் சரி. பின்னால் சாய்ந்திருந்தால், உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது என்பது முதல் சந்தேகம். முன்காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு மறுபடி வீசுங்கள். கையை முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எடை நகர்ந்தால் அடிப்புள்ளியும் அதோடு நகரும்.

உரசல் மட்டும் போதும் என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? பயிற்சி ஸ்விங்கிலிருந்து உங்களுக்கு வேண்டியது கிளப் எங்கே தரையைத் தொடுகிறது என்ற தகவல். சாய்ந்த புல்லே அதைச் சொல்லிவிடுகிறது. மண்ணைப் பெயர்ப்பதால் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை, மணிக்கட்டுக்கு அதிர்ச்சிதான் மிச்சம். களத்துக்கோ நஷ்டம் பெரிது. முக்கியமாகக் குட்டையான பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய) துளைகளின் டீ பகுதியைப் பாருங்கள். எல்லோரும் அயர்னோடு வந்து அதே சிறிய இடத்தில் நிற்கிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் ஒத்திகைக்கு ஒன்று, ஷாட்டுக்கு ஒன்று என்று பெயர்த்தால், புல் தேறுவதற்கு அவகாசமே கிடைக்காது. அந்த டீயில் பயிற்சி ஸ்விங்கை டீ பகுதியின் ஓரத்திலோ புல்லுக்குச் சற்று மேலாகவோ வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எத்தனை முறை வீசலாம்? ஒன்று போதும், தேவைப்பட்டால் இரண்டு. உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று விதிநூல் பரிந்துரைக்கிறது. மற்றவர் ஆடும்போது, அவருக்குத் தொந்தரவு இல்லாத தூரத்தில் நின்று தூரத்தைக் கணக்கிட்டுக் கிளப்பைத் தேர்ந்துவையுங்கள். உங்கள் முறை வந்ததும் ஒரு உரசல், ஒரு மூச்சு, ஷாட்.

படி 4: பயிற்சிக் களத்தில் கோட்டு முறை

புல்லில் சுண்ணப்பொடியால் இலக்குக்குக் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம். கோட்டைப் பந்தாக நினைத்து வீசுங்கள், தொடும் இடம் கோட்டிலோ அதற்கு முன்னாலோ இருக்க வேண்டும். தொடர்ந்து அப்படியே வர ஆரம்பித்த பிறகு கோட்டின் மேல் பந்துகளை வையுங்கள்.

செயற்கை விரிப்பில் மட்டும் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிளப் பந்துக்குப் பின்னால் இறங்கினாலும் விரிப்பின் மேல் வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே தொட்டுவிடும். தவறு தெரியாது. அதே ஸ்விங் புல்லில் மண்ணை அள்ளும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் புல்தரையில் பழகுங்கள்.

புல்தரையில் பந்துகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்காதீர்கள். ஒரு டிவட் எடுத்ததும் அடுத்த பந்தை அந்தக் குழிக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். குழிகள் ஒன்றையொன்று தொட்டு ஒரே நேர்கோடாக நீளும். அதன் இருபுறமும் புல் அப்படியே இருக்கும், அங்கிருந்து படர்ந்து அந்த ஒல்லியான கோட்டை மூடிவிடும். ஒரே இடத்தில் அகலமாகப் பெயர்த்துவிட்டால் நடுவில் புல் வந்துசேர மிக அதிக நாள் பிடிக்கும்.

படி 5: டிவட்டைப் படியுங்கள்

ஷாட் அடித்தபின் குழியைக் கவனியுங்கள். எங்கே தொடங்குகிறது என்பது முதல் கேள்வி. அதற்கு மேலேயே பதில் சொல்லிவிட்டேன்.

அடுத்தது திசை. தரையில் ஒரு குச்சியை இலக்குக்கு நேராக வைத்து ஒப்பிடுங்கள், இல்லையென்றால் நிற்கும் கோணத்தின் தவறை ஸ்விங்கின் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். வலக்கை ஆட்டக்காரருக்குக் குழி நன்றாக இடப்பக்கம் திரும்பியிருந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. சற்றே திரும்பியிருந்தால் கவலைப்பட வேண்டாம்.

கடைசியாக ஆழம். கிளப்பின் நுனிப் பக்கம் மட்டும் ஆழமாக இருந்தாலோ, தண்டுக்கு அருகிலுள்ள பக்கம் மட்டும் ஆழமாக இருந்தாலோ, கிளப் தரையில் சமமாக அமரவில்லை. கைகளின் உயரம் காரணமாக இருக்கலாம், கிளப்பின் கோணம் உங்களுக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். ஒரு டிவட்டை வைத்து முடிவு செய்யாமல், பல ஷாட்டுகளில் அதே வடிவம் வருகிறதா என்று பார்த்தபின் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

படி 6: குழியை மூடுங்கள்

பத்தை முழுதாக, வேரோடும் மண்ணோடும் பெயர்ந்திருந்தால் உடனே எடுத்துவந்து புல் மேலே இருக்கும்படி குழியில் பொருத்திக் காலால் மிதித்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வேர் காய்கிறது. மிதிக்காமல் விட்டால் வேர் மண்ணோடு ஒட்டாது, புல்வெட்டும் இயந்திரமும் இழுத்துப் போட்டுவிடும்.

பத்தை துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் மணலால் நிரப்புவதே சரி. குளிர்ப் பகுதிகளில் வளரும் பென்ட் புல் போன்றவற்றின் பத்தை திரும்ப வேர் பிடிக்கும். வெப்பப் பகுதிகளின் பெர்முடா புல்லில் பத்தை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆனால் அதன் கொடிகள் பக்கவாட்டில் வேகமாகப் படர்பவை. மணல் நிரப்பிய குழிக்குள் தாமாகவே இறங்கி மூடிக்கொள்ளும். மணலைத் தரை மட்டத்துக்கு நிரவிவிடுங்கள். மேடாக விட்டால் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கும். எந்த முறை என்று களத்தில் அறிவிப்பு இருந்தால் அதன்படி செய்யுங்கள். டீ பகுதிகளில் விதை கலந்த மணல் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள்.

விதியில் ஒன்று கவனம். உங்கள் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு குழி இருந்து, அதை மூடினால் உங்கள் ஷாட் எளிதாகும் என்றால், அடிக்கும்வரை அதைத் தொடக்கூடாது. ஏற்கெனவே பொருத்தியிருக்கும் பத்தையை மிதித்து அமுக்கவும் கூடாது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. அடித்துவிட்டு வந்து மூடலாம். இதே தண்டனை பங்கரிலும் (மணல் குழி) உண்டு: பயிற்சி ஸ்விங்கில் கிளப் மணலைத் தொடவே கூடாது. மரக்கிளைக்குக் கீழே நிற்கும்போது ஒத்திகையில் இலைகளை உதிர்த்து வழி ஏற்படுத்திக்கொள்வதற்கும் அதுவே. பெனால்டி ஏரியாவில் (நீர்நிலை போன்ற, குறியிட்ட தண்டனைப் பகுதி) மட்டும் 2019 விதிகளிலிருந்து தரையைத் தொட்டு வீசிப் பார்க்கலாம்.

படி 7: பந்து அடுத்தவர் குழியில் கிடந்தால்

இதற்கு விதியில் சலுகை இல்லை. கிடந்தபடியே ஆட வேண்டும். 1998 அமெரிக்க ஓப்பனின் கடைசிச் சுற்றில், ஒலிம்பிக் கிளப்பின் 12ஆம் துளையில் பெய்ன் ஸ்டூவர்ட் அடித்த பந்து ஃபேர்வேயின் நடுவில் மணல் நிரப்பிய டிவட் குழி ஒன்றில் போய் நின்றது. அந்தத் துளையில் ஒரு ஸ்ட்ரோக்கை இழந்தார். லீ ஜேன்சனிடம் பட்டத்தை இழந்ததும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில்தான்.

உங்களுக்கு அது நேர்ந்தால் பந்தை வழக்கத்தைவிடச் சற்றுப் பின்காலின் பக்கம் வைத்து நில்லுங்கள். எடை முன்காலில், கைகள் பந்துக்கு முன்னால். ஒத்திகையைக் குழிக்குப் பக்கத்துப் புல்லில் பாருங்கள், அடிப்புள்ளி வழக்கத்தைவிட முன்னால் வர வேண்டும். கிளப்பை இறக்கமாக விட்டு முதலில் பந்தைத் தொடுங்கள். வீச்சை முழுதாக முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. பந்து தாழப் பறந்து தரையில் அதிகம் ஓடும், ஆகவே கிரீனுக்கு முன்னாலேயே விழும்படி கணக்கிடுங்கள். அடித்தபின் குழி இன்னும் நீண்டிருக்கும், பொருத்துவதற்கு முழுப் பத்தை கிடைக்காது. பழைய குழியையும் சேர்த்து மணல் போட்டு நிரவிவிட்டு நகருங்கள்.