பறக்காத ரோவ் வண்டைப் புதுச் சிற்றினமாக விவரிக்கும்போது சறுக்கும் இடங்கள்

மலைக்காட்டுச் சருகைச் சலிக்கும்போது நான்கைந்து மில்லிமீட்டரில் ஒரு ரோவ் வண்டு (ஸ்டாஃபிலினிடே குடும்பம்) கிடைக்கிறது. முன்சிறகு கழுத்துக் கவசத்தைவிட (தலைக்குப் பின்னுள்ள முதுகுத் தகடு) குட்டை, தோள் ஒடுங்கியிருக்கிறது, கண்ணும் சிறியது. பார்த்ததும் "இது புதுசு" என்று தோன்றும். பலரும் தவறுவது இங்கேதான். பறப்பதை விட்ட வண்டுகள், நெருங்கிய உறவே இல்லாத பேரினங்களிலும், திரும்பத் திரும்ப இதே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பின்சிறகு சிறுத்தால் அதை இயக்கும் தசை குறைகிறது. தசை குறைந்தால் பின்மார்பு சுருங்குகிறது, தோளும் ஒடுங்குகிறது. வண்டு எப்படி வாழ்கிறது என்பதை இந்த உருவம் காட்டும். அது எந்தச் சிற்றினம் என்பதைக் காட்டாது.

"பறக்காதது" என்று எழுதவும் ஆதாரம் வேண்டும். ரோவ் வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சிறகு குட்டைதான். நன்றாகப் பறக்கும் வண்டுகூடப் பெரிய பின்சிறகை அதனடியில் மடித்து வைத்திருக்கும். எனவே மென்மையாக்கிய மாதிரியில் ஒரு முன்சிறகை ஊசியால் தூக்கிப் பின்சிறகைப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து வயிற்றின் ஏழாவது முதுகுத் தகடு. வெளியே தெரிபவற்றில் பொதுவாக ஐந்தாவது. பறக்கும் வண்டுகளில் அதன் பின்விளிம்பில் மெல்லிய வெள்ளை ஓரக்கரை இருக்கும், பறக்காதவற்றில் பெரும்பாலும் இருக்காது. சில சிற்றினங்களில் நீண்ட சிறகுள்ளவையும் குறுகியவையும் சேர்ந்தே வாழ்கின்றன. ஒரே ஒரு வண்டைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் எழுதாதீர்கள்.

உடல் நீளத்தை மட்டும் கொடுப்பது பயனற்றது. இவற்றின் வயிறு, தூரநோக்கிக் குழாய்போல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். ஒரே வண்டு ஆல்கஹாலில் நீண்டும் உலர்ந்தபின் குறுகியும் தெரியும். தலையின் முன்விளிம்பிலிருந்து முன்சிறகின் பின்விளிம்புவரை அளந்து தனியாகக் கொடுங்கள். முன்சிறகின் நீளத்தைத் தோளிலிருந்து அளந்தீர்களா, நடுக்கோட்டில் அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆணின் புணர்உறுப்புதான். அதிகம் கெட்டுப்போவதும் அதுவே. உலர்ந்த வண்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வயிற்று நுனி வழியாக உறுப்பை எடுங்கள். தசையைக் கரைக்க 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போதும். ஆனால் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். மறந்து விட்டுவிட்டால் புணர்உறுப்புக்குள் மடிந்திருக்கும் உள்பையின் மெல்லிய உறுப்புகள் வெளிறி, எல்லை தெரியாமல் போகும். கண்ணாடி மூடியை அழுத்தி வைத்தால் உறுப்பு தட்டையாகி, இல்லாத அகலம் தெரியும். அதனால் முதலில் கிளிசரினில் மிதக்கவிட்டு, பக்கவாட்டிலும் வயிற்றுப்புறத்திலும் வரையுங்கள். உறுப்பு சற்றுத் திரும்பியிருந்தாலே நுனி வேறு வடிவம் காட்டும். இன்னொரு ஆணையும் பார்க்காமல் அந்த வடிவத்தை நம்ப வேண்டாம். புதிதாகக் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த வண்டு வெளிறி, மென்மையாக இருக்கும். அதன் நிறமும் உறுப்பும் இரண்டுமே ஏமாற்றும், அதை ஹோலோடைப் (புதுப் பெயருக்கு ஆதாரமாகும் ஒற்றை மாதிரி) ஆக்கக் கூடாது. பெண் மட்டுமே கிடைத்திருந்தால் பல பேரினங்களில் காத்திருப்பதே சரி.

ஒப்பிடும் வேலையில் சோம்பல் கூடாது. நீலகிரியோ ஆனைமலையோ என்றால், மால்கம் கேமரன் பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொடருக்கு 1930 முதல் 1939 வரை எழுதிய ரோவ் வண்டுத் தொகுதிகளைப் புரட்டாமல் முடியாது. ஆனால் அவற்றின் விவரிப்புகள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தையே சொல்கின்றன. அவருடைய சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூல மாதிரியையோ (ஒரு சிற்றினப் பெயருக்கு அடிப்படையான மாதிரி) அதன் தெளிவான படத்தையோ பார்த்த பிறகே "வேறு" என்று சொல்லுங்கள். டிஎன்ஏ வேறுபாட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. பறக்காத வண்டுகள் மலைக்கு மலை பிரிந்து கிடப்பதால், ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மைட்டோகாண்ட்ரிய வரிசை வெகுவாக விலகியிருக்கலாம். டிஎன்ஏவுக்கு 96 சதவீத ஆல்கஹால் நல்லது, ஆனால் அதில் உடல் விறைத்து உறுப்பு எடுக்கும்போது உடையும். வண்டுகளில் ஒரு பகுதியை 70–80 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள்.

பெயர் செல்லாமல் போவது பெரும்பாலும் சின்ன வரிகள் விடுபடுவதால்தான். 1999க்குப் பிறகு வரும் பெயருக்கு மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும்; ஹோலோடைப் என்றால் அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை ஸூபேங்க்கில் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவாகி, அதற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பெயரடை பேரினப் பெயரின் லத்தீன் இலக்கணப் பாலோடு பொருந்த வேண்டும்: லாத்ரோபியம் என்ற ரோவ் வண்டுப் பேரினத்தின் பெயர் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால், ஆகவே "மொண்டானம்", "மொண்டானஸ்" அல்ல. இந்திய மாதிரி என்றால் பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

மாதிரியோடு வைக்கும் சீட்டில் "நீலகிரி, சோலை" என்று மட்டும் எழுதினால் அடுத்த மலைமுகட்டு வண்டோடு யாராலும் ஒப்பிட முடியாது. அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டரில் உயரம், தேதி, சருகா பாசியா, சேகரித்தவர் பெயர் எல்லாம் வேண்டும். எடுத்த உறுப்பை வண்டின் அதே ஊசியில், சிறு ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிக் குத்துங்கள். தனி ஸ்லைடில் வைத்தே ஆக வேண்டுமென்றால், பெட்டியை மூடும் முன் இரண்டிலும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள்.