பினாங்கில் ஹோம்ஸ்டே எடுக்கப் போகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை, தைப்பூசம், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று எது வந்தாலும் கோலாலம்பூர்க் குடும்பங்கள் பினாங்குக்குக் கிளம்பிவிடுகின்றன. தாத்தா பாட்டி, மாமா குடும்பம், அத்தை குடும்பம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டால், ஹோட்டலில் நான்கு அறை எடுப்பதைவிட முழு வீடாக எடுப்பதுதான் கட்டுப்படியாகும். பணம் மட்டும் காரணமில்லை. காலையில் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம். சர்க்கரை வியாதி உள்ள பெரியவருக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாட்டை நாமே செய்து கொடுக்கலாம்.

ஆனால் வீடு தேடும்போது நம் கண் போவது படுக்கையறைப் படத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் விலைக்கும்தான். சேர்ந்து சமைத்து, சாப்பிட்டு, பேசியிருக்க வீடு எடுக்கிறோம். தேர்ந்தெடுப்பது என்னவோ தூங்க மட்டும் போவதுபோல. நான் கேள்விப்படும் புகார்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

அடுப்பு இருந்தால் போதும் என்று நினைப்பது

விளம்பரத்தில் "சமையலறை உண்டு" என்று இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "லைட் குக்கிங் மட்டும்" என்றும் இருக்கும். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்காரர் மனதில் இருப்பது மீ வேகவைப்பது, முட்டை பொரிப்பது, தண்ணீர் கொதிக்க வைப்பது, அவ்வளவுதான். கடுகு தாளிப்பதும் மீன் பொரிப்பதும் அதில் சேராது. கொண்டோக்களில் அடுப்பு பெரும்பாலும் கூடத்தோடு சேர்ந்தே இருக்கும். மிளகாய் வறுத்தால் நெடி நேரே சோபாவுக்கும் திரைச்சீலைக்கும் போகும். அடுத்து வருபவர் புகார் செய்தால், வாசனையைப் போக்கச் சுத்தம் செய்த செலவு என்று உங்கள் வைப்புத்தொகையில் பிடித்துவிடுவார்கள்.

உண்மையாகவே சமைக்கப் போகிறீர்கள் என்றால் தரைவீடு பாருங்கள். நம் ஊர் டெரஸ் வீடுகள் பலவற்றில் முன்பக்கம் டிரை கிச்சன், பின்பக்கம் காற்றோட்டமான வெட் கிச்சன் என்று இரண்டு இருக்கும். அந்தப் பின்பக்க அடுப்பைத்தான் விருந்தினருக்குத் திறந்து விடுகிறார்களா என்று கேளுங்கள். சில வீடுகளில் அதைப் பூட்டி வைத்துவிட்டு, முன்னால் ஓர் இண்டக்ஷன் அடுப்பை மட்டும் வைத்திருப்பார்கள். இண்டக்ஷன் என்றால் உங்கள் அலுமினியச் சட்டியும் பித்தளைப் பாத்திரமும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் வேண்டும். எரிவாயு அடுப்பு என்றால், சிலிண்டரில் எரிவாயு இருக்கிறதா, தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்துபோனால் அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

இழுப்பறையைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வேன், ஏனென்றால் வீட்டின் நிஜமான நிலைமை அங்கேதான் தெரியும். மேசைமேல் அழகான தட்டு வரிசை இருக்கும். இழுப்பறையில் முனை மழுங்கிய ஒரே ஒரு கத்தி, பூச்சு உரிந்த ஒரு தோசைக்கல், கைப்பிடி ஆடும் ஒரு கரண்டி. ரைஸ் குக்கரின் அளவையும் கேளுங்கள். 1 லிட்டர் குக்கரில் ஐந்தாறு பேருக்குத்தான் சோறு ஆகும். பன்னிரண்டு பேருக்கு 1.8 லிட்டர் குக்கர் தேவை; நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் இரண்டு தடவை வைக்க வேண்டியிருக்கும். மிக்ஸி இருக்காது, பழச்சாறு அடிக்கும் பிளெண்டர்தான் இருக்கும். தேங்காயைப் பாசாரிலேயே துருவி வாங்கிக்கொள்ளுங்கள். உப்பு, எண்ணெய், பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. மளிகைக்குக் கவலையில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நமக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும், காய்கறிக்கும் மீனுக்கும் சௌராஸ்தா சந்தை இருக்கிறது.

இன்னொரு விஷயம் பாத்திரங்களைப் பற்றியது. மலாய்க்காரர் வீடு என்றால் ஹலால் அல்லாத எதையும் அங்கே சமைக்கவோ கொண்டுவரவோ கூடாது. சொல்லாவிட்டாலும் அந்த மரியாதை நம்மிடம் இருக்க வேண்டும். மறுபக்கம், அந்தச் சட்டியில் முன்னால் யார் என்ன சமைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. தைப்பூச விரதத்தில் இருப்பவர்களும் சுத்த சைவமாக இருப்பவர்களும் ஒரு சட்டி, ஒரு வாணலி, ஒரு கரண்டியைக் கையோடு கொண்டுபோனால் மனம் நிம்மதியாக இருக்கும். விளக்கேற்றலாமா, சாம்பிராணி போடலாமா என்பதையும் முன்பே கேளுங்கள். கொண்டோவில் புகை உணரும் கருவி கத்திவிட்டால் மொத்த மாடிக்கும் தொந்தரவு.

"12 பேர் தங்கலாம்" என்பதை அப்படியே நம்புவது

அந்த 12 பேரில் நான்கு பேர் கூடத்தில் விரிக்கும் தோத்தோ மெத்தையில் படுப்பவர்கள். இளவட்டங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கூடத்தில் ஏர்கோண்ட் இருக்கிறதா, வெறும் காற்றாடிதானா என்று கேட்டுவிடுங்கள். படுக்கையறையில் மட்டும் ஏர்கோண்ட் உள்ள வீடுகள்தான் அதிகம்.

கட்டிலைவிட முக்கியம் குளியலறை. கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் குடும்பம் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்துக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு குளியலறை என்றால் முதல் ஆள் நான்கு மணிக்கே எழுந்திருக்க வேண்டியதுதான். கீழே ஒரு குளியலறை இருக்கிறதா, அதில் வழுக்காத தரையா, உட்காரும் கழிப்பறையா என்பதைப் பெரியவர்கள் உடன் வருகிறார்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். 2024 ஜனவரியில் சுங்கை துவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகப் பினாங்கில் பல இடங்களில் சில நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

"பினாங்கு" என்ற பெயரை மட்டும் பார்ப்பது

பினாங்கு மாநிலம் என்றால் தீவு மட்டும் இல்லை. பட்டர்வொர்த், செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜாம், ஜூரு எல்லாமே பினாங்குதான், ஆனால் பெருநிலத்தில் இருக்கின்றன. விலை மலிவாகத் தெரியும் பெரிய வீடுகளில் பல இந்தப் பக்கம்தான். அங்கே சொந்தக்காரர் கல்யாணம் என்றால் மிகவும் வசதி. தீவில் சுற்றப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. தினமும் பாலம் ஏற வேண்டும், தீவுக்குள் நுழையும் ஒவ்வொரு தடவையும் டோல் கட்ட வேண்டும், வேலை நாள் என்றால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் வாகனங்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். காரைப் ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று பழைய நினைப்பில் சிலர் இருக்கிறார்கள். இப்போதைய ஃபெர்ரியில் கார் ஏறாது. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் போக முடியும்.

தீவுக்குள்ளும் தூரம் இருக்கிறது. பத்து பெரிங்கியில் கடற்கரை உண்டு, ஆனால் அங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வளைந்து வளைந்து வரும் ஒரே சாலைதான். வாரக் கடைசியில் அந்தச் சாலை நகராது. கோயில், கொடிமலை, லிட்டில் இந்தியா என்று சுற்றுபவர்கள் பூலாவ் திக்குஸ், ஆயர் ஈத்தாம் பக்கம் தங்குவது நல்லது. இடிஎஸ் ரயிலில் வருபவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி, பக்கத்திலேயே ஃபெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்கு வந்துவிடலாம். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான்.

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் நடந்தே போய்விடலாம், மிகவும் நல்லது. ஆனால் ரத ஊர்வலம் போகும் சாலைகளையும் தண்ணீர்மலையைச் சுற்றியுள்ள சாலைகளையும் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். எந்த நேரத்திலிருந்து மூடுகிறார்கள் என்று பார்த்து, அதற்கு முன்பே காரையும் சாமான்களையும் வீட்டில் சேர்த்துவிடுங்கள். மலைக்கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். ஏறி இறங்கி வந்தவருக்கு மறுபடியும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வேண்டாம்.

மாடி என்றதும் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் ஞாபகம் வருகின்றன. 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்த பிறகு பல கடைவீடுகள் அழகாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. நடுவே வானம் பார்க்கும் முற்றம், பலகைத் தரை, மரச் சன்னல் எல்லாம் பார்க்க அருமை. எனக்கு மிகவும் பிடித்த வீடுகள் இவைதான். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு அந்தச் செங்குத்தான மரப்படி ஒரு சோதனை. மேலே நடந்தால் கீழே கேட்கும், வாசலில் கார் நிறுத்த இடமும் அநேகமாக இருக்காது. இளம் தம்பதிக்கு ஏற்ற வீடு, கைக்குழந்தையோடு வரும் பாட்டிக்கு ஏற்றதில்லை.

கடல் தெரியும் வீடு என்று கூடுதல் பணம் கேட்டால், படம் எப்போது எடுத்தது என்று கேளுங்கள். கர்னி டிரைவிலும் தஞ்சோங் தோக்கோங்கிலும் கடலைத் தூர்த்து நிலம் எடுத்திருக்கிறார்கள். பழைய படத்தில் தண்ணீர் தெரிந்த இடத்தில் இன்று மண்ணும் கட்டுமானமும் தெரியலாம்.

"காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்"

வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரர் இப்படி எழுதினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அந்தக் கொண்டோ நிர்வாகம் குறுகிய கால வாடகையை அனுமதிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில், நிர்வாகக் கழகம் இத்தகைய வாடகையைத் தடைசெய்து விதி போடலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2020ல் தீர்ப்பளித்தது. 2023ல் பினாங்கு அரசும் தீவில் இதைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்புக்கென்றே உள்ள அடுக்குமாடிகளுக்கு அனுமதியில்லை. வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மெண்ட் போன்றவை நிபந்தனைகளோடு நடத்தலாம்.

ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைகள் தூங்கிவிழ, காவலாளி தடுப்பைத் தூக்க மறுக்க, வீட்டுக்காரர் ஃபோன் எடுக்காமல் இருக்க, நடுவில் தவிப்பது நாம்தான். அனுமதி உள்ள இடத்தில் விருந்தினர் பெயரையும் கார் எண்ணையும் முன்கூட்டியே வாங்கிப் பதிந்துவிடுவார்கள். எத்தனை கார் நிறுத்த இடம், எத்தனை அக்சஸ் கார்டு, அது தொலைந்தால் எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

அவசரத்தில் பணம் அனுப்புவது

விடுமுறை நெருங்க நெருங்க ஃபேஸ்புக்கில் போலி ஹோம்ஸ்டே விளம்பரங்கள் பெருகும். வேறு யாருடைய வீட்டுப் படமோ போட்டு, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இப்போதே முன்பணம் போடுங்கள்" என்பார்கள். வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் இதற்குத் தயங்கமாட்டார். வங்கிக் கணக்கு எண்ணையும் ஃபோன் எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே மோசடிப் புகார் இருந்தால் காட்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்வரை தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் பணம் கைமாறிவிடும்.

வைப்புத்தொகை எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும், பையை இறக்குவதற்கு முன்பே, ஒவ்வோர் அறையாகப் ஃபோனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். சுவரில் கறை, உடைந்த கைப்பிடி, கீறிய மேசை எல்லாம் அதில் பதிந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் வந்து தங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். இங்கே சதுரக் கால் உள்ள மூன்று முனை பிளக். அவர்கள் கொண்டுவரும் உருண்டைக் கால் சார்ஜர் நேரே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இல்லாத சுற்றுலா வரி அவர்களுக்கு உண்டு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. 2023 முதல் இணையத் தளங்கள் வழியாக எடுக்கும் வீடுகளுக்கும் அது பொருந்தும். வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா, தனியா என்று முன்பே கேட்டு, அவர்களுக்குச் சொல்லும் தொகையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.