தயிர்க்கடைப் பலகைக்குத் தடித்த எழுத்து வரைவது எப்படி?

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எருமைத் தயிர் விற்கும் ஓர் அம்மாவுக்கு நான் முதன்முதலாக பெனர் செய்து கொடுத்தபோது, எழுத்தைத் தெரிவுசெய்து தடிப்பாக்கும் பொத்தானை அமத்தினேன். போதாதென்று அதன் மேல் கறுப்பு ஓரக்கோடும் போட்டேன். பெனரைக் கட்டியதும் வீதிக்கு அந்தப்பக்கம் போய் நின்று பார்த்தவர் கேட்டது ஒன்றுதான்: “புள்ளி எங்க மனே?”

ர் என்ற எழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிப்போயிருந்தது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் அந்தப் பொத்தானை அமத்தினால், கொம்பியூட்டர் கோட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஊதிவிடும். சுழிகள் அடைபடும், புள்ளி ஒட்டும். முறையாக வரைந்த தடித்த செரிஃப் (கோட்டின் முனையில் சிறு பாதம் வைத்த) எழுத்தில் தடித்த கோடுதான் தடிக்கும், மெல்லிய கோடு மெல்லியதாகவே நிற்கும். சிக்காகோவில் ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்த கூப்பர் பிளாக் எழுத்துருவைப் பாருங்கள். அவ்வளவு கொழுத்தும் உள்ளே வெள்ளை மூச்சுவிடும். பிளேஃபெயர் டிஸ்பிளே இன்னொரு சாதி: நூல் போன்ற மெல்லிய கோடும் தூண் போன்ற தடித்த கோடும். இரண்டிலும் தமிழ் இல்லை. தமிழுக்கு இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் மிகத் தடித்த வடிவம் வரை உண்டு. அவசரத்துக்கு அதை எடுங்கள். ஒரு கடைக்கு ஒரே ஒரு சொல்தான் வேண்டுமென்றால் கையால் வரைவதே என் விருப்பம்.

படி 1: எலும்பு

சதுரக்கோட்டுக் கொப்பி, பென்சில், தட்டை முனை மார்க்கர். ‘தயிர்’ என்று 10 செ.மீ. உயரத்தில் ஒற்றைக் கோட்டில் எழுதுங்கள்.

படி 2: சதை

நெடுக்குக் கோட்டுக்கு 2 செ.மீ., கிடைக்கோட்டுக்கு 7 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ர வின் இரண்டு காலுக்கும் நடுவே எலும்பில் 3 செ.மீ. இருக்கிறது என்போம். கோட்டின் இரண்டு பக்கமும் சமமாக ஊதினால் உள்ளே 1 செ.மீ. வெள்ளைதான் மிஞ்சும். அதனால் வெளிப்பக்கமாகவே ஊதுங்கள். எழுத்து 7 செ.மீ. அகலத்துக்குப் போகும். போகட்டும், தயிர்ச்சட்டியும் அகலம்தானே. உள் வெள்ளை, தடித்த கோட்டின் அரைவாசியை விடக் கூடவே இருக்கவேண்டும் என்பது என் கணக்கு.

‘எருமை’ என்று சேர்த்து எழுதினால் மை தான் தலையிடி. அதன் ஐகாரச் சுழிகளில் ஒரு பக்கத்தை மட்டும் தடிப்பாக்குங்கள். ணை கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் கூடுதல் காசு கேட்கலாம்!

படி 3: புள்ளி

இதில்தான் நான் மாட்டினேன். புள்ளியின் விட்டம் தடித்த கோட்டை விடக் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். எழுத்துக்கும் அதற்கும் இடையே குறைந்தது ஒரு மெல்லிய கோட்டின் அளவு இடைவெளி. ஏட்டில் எழுதியவர்கள் பல இடங்களில் புள்ளியே இடாமல் விட்டார்கள், வாசிப்பவர் ஊகித்துக்கொண்டார். பைக்கில் போகிறவர் ஊகிக்கமாட்டார்.

ர வின் அடியில் உள்ள சாய்ந்த வாலையும் கவனியுங்கள். பழைய வழக்கத்தில் ர், ரி, ரீ மூன்றையும் வாலில்லாமலே எழுதுவார்கள், புள்ளியும் மேல்விலங்கும் அடையாளம் காட்டிவிடும் என்று. தடித்த எழுத்தில் அந்தப் புள்ளி ஒட்டினால் வெறும் கால்தான் மிஞ்சும்: ‘தயிா’. அதனால் நான் எப்போதும் வால் போடுவேன். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றிய எழுத்திலும் இதே கூத்து நடக்கும். ர் வரவேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் வந்து நிற்கும். அச்சுக்குக் கொடுக்கமுன் ஒவ்வொரு ர் ஐயும் பாருங்கள்.

படி 4: செரிஃப்

கோடு முடியும் இடத்தில் வைக்கும் சிறு பாதம்தான் செரிஃப். உளியும் தூரிகையும் தொட்ட உரோம எழுத்துக்கு அது பிறவிச் சொத்து. எழுத்தாணியில் வளர்ந்த நம் எழுத்துக்கு நாம் ஒட்டிவைப்பது. ர வின் இடது காலடியில் ஒன்று, த வின் தலையில் ஒன்று, போதும். சுழிக்குள் வேண்டாம். பாதம் காலோடு சேரும் மூலையை வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆணி அடித்தது போலத் தெரியும். வளைவான பகுதிகளை மேல், கீழ் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை மி.மீ. தள்ளிவிடுங்கள், அப்போதுதான் மற்றவற்றோடு சம உயரமாகத் தோன்றும்.

படி 5: கொம்பியூட்டர்

படம் எடுத்து இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைதல் மென்பொருளில் போட்டு, பிட்மெப்பிலிருந்து (புகைப்படத்திலிருந்து) கோடாக மாற்றுங்கள். கோட்டின் மேல் மென்பொருள் வைக்கும் கணுக்களில் தேவையில்லாதவற்றை அழியுங்கள். பிடிஎஃப் ஆக அனுப்பினால் அச்சகத்தில் எழுத்துரு இல்லை என்ற பிரச்சினை வராது.

படி 6: பலகையில்

தடித்த எழுத்து ஒரு சொல்லுக்கு மட்டும். விலை, தொலைபேசி இலக்கம் எல்லாம் மெல்லிய சாதாரண எழுத்தில். ஓரக்கோடு, நிழல் இரண்டும் வேண்டாம். பலகைக்காரர்களின் கணக்குப்படி 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடியில் வாசிக்க 10 அங்குல எழுத்து வேண்டும். அப்போது தடித்த கோடு 2 அங்குலம், புள்ளி அதைவிடச் சற்றுப் பெரிது. முதலில் கடதாசியில் வெட்டி ஒட்டி, வீதிக்கு அந்தப்பக்கம் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்.

அந்த அம்மாவின் புதுப் பலகையில் புள்ளி நன்றாகத் தெரிகிறது. புள்ளிக்குப் பதில் ஒரு தயிர்ச்சட்டிப் படம் வைக்க ஏலுமா என்று இப்போது கேட்கிறார். ஏலாது என்று சொல்லியிருக்கிறேன்.