தோட்ட வீடமைப்புச் சங்கம் கணக்குக் காட்டாவிட்டால் யாரிடம் போவது?

இலங்கை மலையகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தேட, முதலில், வீடு எந்த வழியாகக் கைக்கு வந்தது என்று பாருங்கள். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கடன் எடுத்துக் கட்டிய வீடு என்றால், அந்தச் சங்கத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உண்டு. கண்டியிலோ நுவரெலியாவிலோ வாங்கிய மாடிவீடு என்றால் போகவேண்டிய இடம், மாடிவீட்டுத் தொகுதிகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை. சங்கத்தின் புத்தகத்தைத் திறந்து காட்டு என்று கட்டளையிடும் அதிகாரம் தோட்டத் துரைக்கும் (முகாமையாளருக்கும்) இல்லை, பிரதேச செயலாளருக்கும் இல்லை. இது தெரியாமல் அரைப் பேரை (அரைநாள் சம்பளத்தை) இழந்து மாதக்கணக்கில் தவறான கந்தோருக்கு நடக்கிறவர்கள் நிறையப் பேர்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடிப்படை 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கூட்டுறவு மாகாண விடயமாகிவிட்டது. ஆகவே நுவரெலியா, கண்டி, மாத்தளைக்காரர்கள் மத்திய மாகாண ஆணையாளரிடமும், பதுளைக்காரர்கள் ஊவா மாகாண ஆணையாளரிடமும், இரத்தினபுரி, கேகாலைக்காரர்கள் சப்ரகமுவ மாகாண ஆணையாளரிடமும் போகவேண்டும். அந்த மாகாண சபை இயற்றிய நியதிச்சட்டத்தில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்முன் கையில் மூன்று விடயங்கள் இருக்கவேண்டும்: சங்கத்தின் பதிவு இலக்கம், உங்கள் உறுப்பினர் இலக்கம், பதிவுசெய்யப்பட்ட துணைவிதிகளின் பிரதி. துணைவிதிதான் சங்கத்தின் உயிர். பொதுக்கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லுபடியாகும், கடன் தவணை எப்படி அறவிடப்படும், உறுப்பினர் இறந்தால் பங்கு யாருக்கு, எல்லாம் அதில் இருக்கும். செயலாளர் தர மறுத்தால் திணைக்களத்தில் கேளுங்கள். பதிவுக்காகக் கொடுத்த பிரதி அங்கே இருக்கும்.

அடுத்தது சம்பளச் சிட்டை. மலையகத்தில் 'சங்கம்' என்றாலே தொழிற்சங்கம்தான் நினைவுக்கு வரும். அதனால் சந்தாவாக வெட்டியதையும் வீட்டுக்கடனுக்காக வெட்டியதையும் ஒன்றாக நினைத்து, 'மாதாமாதம் சங்கத்துக்குப் பிடிக்கிறார்களே' என்று பலர் தவறான இடத்தில் சண்டை பிடிக்கிறார்கள். சிட்டையில் இவை தனித்தனி வரிகள். வீட்டுக்கடன் வரியை மட்டும் எடுத்து, மாதம், வெட்டிய தொகை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்தில் சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் பதிந்த தொகையை எழுதுங்கள். உதாரணமாக, மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதம் வெட்டியிருந்தால் 6,000 ரூபாய். பாஸ் புத்தகத்தில் ஒன்பது பதிவுதான் இருக்கிறதென்றால் 4,500 ரூபாய். அந்த 1,500 ரூபாய் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நின்றிருக்கும்: தோட்டக் கந்தோர் வெட்டிய பணத்தைச் சங்கத்துக்கு அனுப்பாமல் இருக்கலாம், அல்லது சங்கம் வாங்கிவிட்டு உங்கள் பெயரில் பதியாமல் விட்டிருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்கும் பணம் அனுப்பிய விபரத்தைக் கந்தோர்க் கிளார்க்கிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தப் பதில் இல்லாமல் முறைப்பாடு கொடுத்தால், இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டிவிடும். முறைப்பாட்டுக் கோவை (பைல்) அங்கேயே தூங்கும்.

பிறகு நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைக் கடிதப் பிரதியுடன் குத்தி வையுங்கள். 'கணக்கில் மோசடி' என்று எழுதவேண்டாம். 'இன்ன மாதம், இன்ன தொகை, என் கணக்கில் பதியப்படவில்லை. கடைசிக் கணக்காய்வு அறிக்கையை உறுப்பினர்களுக்குக் காட்டவும்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு பதிவுபெற்ற சங்கத்துக்கும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்காய்வு நடக்கச் செய்வது பதிவாளரின் கடமை (மாகாணக் கூட்டுறவு ஆணையாளர்தான் பதிவாளர்). அந்த அறிக்கை சங்கத்தில் இல்லை என்றால், திணைக்களத்தின் தகவல் அதிகாரியிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்லவேண்டும்.

குழு அசையாவிட்டால் விசாரணை கேட்கவேண்டும். பதிவாளர் தாமாகவே விசாரணை நடத்தலாம். குழுவின் பெரும்பான்மையினர் கேட்டாலும், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் கேட்டாலும் நடத்தலாம். 90 உறுப்பினர் என்றால் 30 கையெழுத்து. ஆனால் 30 உடன் நிறுத்தாதீர்கள், 40 வாங்குங்கள். பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) அவசரமாக வாங்கும் கையெழுத்தில் புருஷனின் இடத்தில் மனைவி போட்டதும், பென்ஷன் போய் உறுப்புரிமை முடிந்தவர் போட்டதும் கலந்துவிடும். அவற்றை அடித்துவிட்டால் தொகை குறைந்து மனுவே விழுந்துவிடும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே உறுப்பினர் இலக்கம் இருக்கட்டும். கைநாட்டு என்றால் பக்கத்தில் ஒரு சாட்சி ஒப்பமும் வாங்கிவையுங்கள்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களம் தெரிந்த ஒருவர் அவசரத்தில் எழுதிக்கொடுக்கும் கடிதத்தில் உங்கள் குறையே மாறிப்போய்விடும். அப்படி மாறிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மறுப்பது கஷ்டம்.

விசாரணையில் குழு கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று தெரிந்தால், விளக்கம் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகு பதிவாளர் அதைக் கலைக்கலாம். உங்களுக்கும் சங்கத்துக்கும் மட்டுமான தகராறு, கடன் மீதி எவ்வளவு என்பது போன்றது என்றால், விசாரணை கேட்காமல் அதைத் தீர்ப்புக்காகப் பதிவாளரிடம் நேரே கொடுக்கலாம். அந்த வழி குறுகியது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்கவேண்டாம்: காணி உறுதி. கடன் முழுக்கக் கட்டி முடித்தாலும் சங்க உறுப்புரிமை வீடு நிற்கும் 7 பேர்ச் காணிக்கு உரிமைப் பத்திரமாகாது. பெருந்தோட்டக் கம்பனிகள் காணியைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன, ஆகவே தோட்டம் தரும் கடிதமும் உறுதியாகாது. கூட்டுறவுத் திணைக்களம் இதில் தலையிட முடியாது என்று சொன்னால், அது தட்டிக்கழிப்பதில்லை, உண்மை.

மாடிவீட்டுக்காரர்களுக்குச் சட்டம் வேறு: 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமும், பல தடவை வந்த அதன் திருத்தங்களும். காணிப் பதிவகத்தில் கூட்டாதன (மாடிவீட்டுத் தொகுதி) வரைபடம் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தற்காலிக வரைபடமா, கட்டடம் முடிந்த பிறகு பதிந்ததா என்றும் கேளுங்கள். வரைபடம் பதிந்ததும் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகிறது. கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி போன்ற பொதுப் பகுதிகளைப் பராமரிப்பது அதன் வேலை. மேல்மாடிக்காரர் கூரையில் தகரம் அடித்து அறை இறக்கிவிட்டார் என்றால் முதல் கடிதம் அந்தக் கூட்டுத்தாபனத்துக்கு. அது கேட்காவிட்டால்தான் அதிகாரசபைக்கு. மலைச்சரிவில் எழும்பிய கட்டடம் என்றால், வாங்கும்முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுப் பரிந்துரையைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் காட்டத் தயங்கினால் முற்பணம் கொடுக்கவேண்டாம்.