போக்கர் டோர்னமென்டில் எத்தனை தடவை பிளஃப் பண்ணலாம்?

குமுளியில் எங்கள் மேசைக்கு வருபவர்களில் பாதிப் பேர் இருபத்தெட்டு என்ற கூட்டாளிச் சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். கையில் ஒரு ஜாக்கி மட்டும் இருந்தாலும் கூட்டாளியை நம்பி ஏற்றிக் கேட்டுவிடுவார்கள். போக்கரில் கூட்டாளி கிடையாது. அதனால் அந்தப் பழக்கத்தோடு உட்காருபவர் சீக்கிரமே சிப்ஸை (பந்தய வில்லைகளை) தீர்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் சாயா வாங்கப் போவார். திரும்பி வந்ததும் கேட்பார்: “அண்ணே, எத்தனை ஆட்டத்துக்கு ஒரு தடவை பிளஃப் பண்ணலாம்?”

பிளஃப் என்றால் நல்ல சீட்டு இல்லாமலே, இருப்பதுபோல் பந்தயம் போடுவது. ஆட்டத்தை எண்ணாதீர்கள், பந்தயத்தின் அளவைப் பாருங்கள். நடுவில் 1,000 சிப்ஸ் கிடக்கிறது, நீங்கள் வெறுங்கையோடு 500 போடுகிறீர்கள். எதிராளி மூன்றில் ஒரு தடவை சீட்டைக் கவிழ்த்து விலகினாலே உங்களுக்கு நட்டமில்லை. 1,000 போட்டால் இரண்டில் ஒரு தடவை கவிழ்க்க வேண்டும். அவர் அவ்வளவு கவிழ்ப்பாரா என்பதுதான் கேள்வி. என்ன போட்டாலும் ‘பார்த்துடலாம்’ என்று அதே அளவு போட்டு கால் பண்ணுகிற ஆள் எங்கள் மேசையில் உண்டு. அவரிடம் பிளஃப் எண்ணிக்கை பூஜ்ஜியம்.

கவனமாக ஆடுகிறவரிடம் ரிவரில், அதாவது தரையில் ஐந்தாவதாக விழும் கடைசிப் பொதுச் சீட்டில், ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பதற்குச் சமமாகப் போடும்போது, நல்ல சீட்டு இரண்டுக்கு பிளஃப் ஒன்று. பாதி போடும்போது மூன்றுக்கு ஒன்று. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) இதைவிடத் தாராளமாக இருக்கலாம், காரணம் இன்னும் சீட்டு வரவேண்டியிருக்கிறது. உங்கள் இரண்டு சீட்டும் ஃப்ளாப்பில் இரண்டும் ஒரே இனமாக இருந்தால், ரிவருக்குள் ஐந்தாவது வர 35 சதவீத வாய்ப்பு. டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) தாண்டிவிட்டால் அது 20-க்கும் கீழே.

2003 உலக போக்கர் தொடரின் கடைசி மேசையில் கிறிஸ் மணிமேக்கர், சாமி ஃபர்ஹாவிடம் செய்தது இந்த வகைதான். இஸ்பேடு ராஜாவும் ஓர் ஏழும் அவர் கையில். டர்னில் மூன்றாவது இஸ்பேடு விழுந்ததும் ஃப்ளஷுக்கும் (ஐந்தும் ஒரே இனம்) வழி, ஸ்ட்ரெய்ட்டுக்கும் (ஐந்தும் வரிசையாக) வழி. இரண்டும் வரவில்லை. ரிவரில் எல்லாவற்றையும் தள்ளினார். ஃபர்ஹா தன் இரண்டு ஒன்பது கொண்ட ஜோடியைக் கவிழ்த்துவிட்டார். தரையில் மூன்று இஸ்பேடு கிடந்ததால் ‘ஃப்ளஷ் வைத்திருக்கிறான்’ என்று நம்ப இடமிருந்தது. ராஜா தன் கையிலேயே இருந்ததால், எதிராளியிடம் பெரிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பும் குறைவு. வெறுங்கையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

டோர்னமென்டில் பரிசுக்கு ஓரிடம் முன்னால் எல்லாரும் பயந்து ஆடுவார்கள். எங்கள் மேசையில் கடைசி மூவருக்குப் பரோட்டாவும் பீஃபும் இலவசம்; நாலு பேர் மிஞ்சும்போது விரல் நடுங்குவதைப் பார்க்கவேண்டும்! அப்போது உங்களிடம் நிறைய சிப்ஸ் இருந்தால், நடுத்தரமாக வைத்திருப்பவரை அடிக்கடி அழுத்துங்கள். குறைவாக வைத்திருப்பவரைத் தொடாதீர்கள், அவருக்கு இழக்க எதுவுமில்லை. உங்களைவிட அதிகம் வைத்திருப்பவரையும் விட்டுவிடுங்கள். உங்களிடமே பத்து பிளைண்டுக்கு (சீட்டைப் பார்க்கும் முன்பே போடவேண்டிய கட்டாயப் பந்தயம்) கீழே இருந்தால் பிளஃப் பேச்சே வேண்டாம். ஃப்ளாப்புக்கு முன்பே மொத்தமும் தள்ளுங்கள், அல்லது கவிழ்த்துவிடுங்கள்.

பிடிபட்டால்? கொஞ்ச நேரம் நல்ல சீட்டை மட்டும் ஆடுங்கள், பிளஃபுக்குப் போட்ட அதே அளவைப் போட்டு. இப்போது எல்லாரும் கால் பண்ணுவார்கள்.